துண்டை ஆட்டம் முடிந்ததும் போர்த்துங்கள்

அன்புள்ள ஆர்த்திகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், மதுரை வெயில் எங்களைவிட நன்றாக இருக்கிறது, நீ ஸ்டுட்கார்ட் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பி, முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அம்மா கபடி நடுவர் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டாள். இன்று காலை சங்கச் செயலாளரே தொலைபேசியில் சொன்னார். பத்திரிகைக்காரப் பழக்கத்தில் பெயரையும் இனிஷியலையும் இன்னொரு முறை சொல்லச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். "என்னண்ணே, பேப்பர்ல போடவா, வீட்ல சொல்லவா?" என்று சிரித்தார். பேப்பரில் தப்பாக வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம், உன் அம்மாவிடம் தப்பாகச் சொன்னால் திருத்தம் போட இடமே கிடையாது என்றேன். போனில் சொன்னால் அம்மா பிடுங்கி "ஒண்ணுமில்லடி, பாஸு" என்று முடித்துவிடுவாள், உனக்கு முழுதும் தெரிய வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன், கை நிற்கவில்லை.

உனக்குத் தெரியும், கபடி ஆடிக்கொண்டிருந்து நீ பிறந்த பிறகு களத்தை விட்டவள், ஜெராக்ஸ் கடையும் வீடுமாக இருந்துவிட்டு, நீ நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறிய பிறகுதான் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று விசிலைக் கையில் எடுத்தாள். மாநில நடுவர் பட்டியலில் புதிதாகச் சேர வயது வரம்பு உண்டு, வருகிற ஆடியில் அம்மா அதைத் தாண்டிவிடுவாள், அடுத்த தேர்வு அதற்கும் பிறகுதான் வரும், ஆகவே இந்த முறை விட்டால் விட்டதுதான். போன வருடம் இதே தேர்வில் தோற்றதை உன்னிடம் அவள் சிரித்துச் சொன்னாள், ஆனால் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தேர்வாளர் ஜனகராஜ் அவளைக் கூப்பிட்டு, "விசில் முன்னால போகுது, கண்ணு பின்னால வருதும்மா" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். நான் ஆறுதல் சொல்லப் போனேன், அவள் ஆறுதலை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஆட்டத்தை யாரோ செல்போனில் எடுத்திருந்த வீடியோவைத் தேடி வாங்கி, கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, சந்தேகமா இருந்த முடிவு எல்லாமே ஒரே பக்கம் போயிருக்கு" என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். "துண்டு போட்ட பக்கம்" என்றாள்.

நம் பக்கத்து வழக்கம் உனக்கு மறந்திருக்காது, ஆட்டம் தொடங்கும் முன்பே ஊர்ப் பெரியவர்கள் நடுவருக்குத் துண்டு போர்த்தி மரியாதை செய்வார்கள். யாரும் அதை லஞ்சம் என்று நினைத்துச் செய்வதில்லை, வாங்குகிறவர்களும் அப்படி நினைத்து வாங்குவதில்லை. அம்மாவும் நினைக்கவில்லை, ஆனால் தோளில் துண்டு விழுந்த பிறகு சந்தேகத்தின் பலன் தானாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது, அவளுக்கே தெரியாமல். "நான் நேர்மையாத்தான் இருந்தேன், என் கண்ணு இல்ல" என்றாள். நான் எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன் கண்ணு, தன் கண்ணைத் தானே சந்தேகப்பட்டு இப்படி ஒரு வாக்கியம் சொன்னவர்கள் குறைவு.

அதற்கு மேல் அவள் வருத்தப்படவில்லை, வேலையைத் தொடங்கினாள். முதல் காரியம், விசிலை வாயில் வைப்பதை நிறுத்தினாள். வாயில் இருந்தால் கூட்டம் கத்தும்போது தானாக ஊதிவிடுகிறது, கையில் இருந்தால் அது வாய்க்கு வருவதற்குள் கண் ஒருமுறை சரிபார்த்துவிடுகிறது என்றாள். பிறகு, யார் கால் கோட்டை மிதித்தது என்று பிசகாமல் சொல்வதற்காகக் கால்களைப் பார்க்கப் பழகினாள். கடையைச் சாத்திவிட்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்போம், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் எந்தக் காலை முதலில் தரையில் வைக்கிறார் என்று அவள் சொல்ல வேண்டும், நான் சரிபார்க்க வேண்டும். அலங்காநல்லூர் பஸ் கண்டக்டர் ஒருவர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தெனமும் என் காலையே பாக்குறீக, செருப்பு எதும் வாங்கித் தரப் போறீகளா?" என்று கேட்டேவிட்டார். பஸ் ஸ்டாண்டே சிரித்தது, அம்மா மட்டும் சிரிக்காமல் "இடது கால்" என்று என்னிடம் சொன்னாள். எல்லாவற்றிலும் கடினமானது, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லப் பழகியதுதான். அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பால்காரர் வந்தாரா என்று கேட்டால், "பாக்கெட் இருக்கு, அவர் வந்ததை நான் பாக்கல" என்று பதில் வரும். எனக்குக் கோபம் வர வேண்டும், ஆனால் சந்தோஷம்தான் வந்தது, எங்கள் செய்தி அறையில் இதைக் கற்றுக்கொள்ளாமலே ஓய்வு பெற்றவர்கள் உண்டு.

இப்போது கேள், செய்முறைத் தேர்வுக்கு ஒதுக்கிய ஆட்டம் அம்மா பிறந்த ஊரிலேயே அமைந்துவிட்டது. பங்குனித் திருவிழா கபடி, பெண்கள் இறுதி ஆட்டம், விழாக்குழுத் தலைவர் யாரென்றால் உன் தாய்மாமன் அழகுராஜா. அம்மா நேரே ஜனகராஜிடம் போய், இது என் ஊர் சார், மாற்றிவிடுங்கள் என்றாள். அவர், "மதுரையச் சுத்தி எந்த ஊருக்குப் போனாலும் யாராச்சும் மாமன் மச்சான் இருக்கத்தாம்மா செய்வாக, போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். களத்துக்குள் கால் வைத்ததும் மைக்கில் பெயரைச் சொல்லி, மாமன் புதுத் துண்டை உதறிக்கொண்டு மலர்ந்த முகத்துடன் வருகிறார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணே, துண்டை ஆட்டம் முடிஞ்சதும் போர்த்துங்க, இப்ப வேணாம்" என்றாள். மாமனின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "ஊரு மரியாதைய வேணாங்கிறியா? ஊருக்குள்ள நான் எப்படித் தலை காட்டுறது?" என்றார். அவள், "வேணாங்கல, பெறகு தாங்கன்னுதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கோட்டு நடுவராகத் தன் கோட்டோரம் போய் நின்றுகொண்டாள். மாமன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், "மாப்ள, இதெல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்றார். சத்தியமாக இல்லை மச்சான் என்றேன், நம்பவில்லை.

ஆட்டம் இழுபறியாகவே போனது. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், உள்ளூர்ப் பிள்ளை தங்கப்பொண்ணு எதிரணிப் பக்கம் கபடி பாடிப் போகிறாள், மூலையில் நின்றவளின் குதிகாலை நோக்கிக் கையை வீசுகிறாள், ஊரே தொட்டாச்சு தொட்டாச்சு என்று எழுந்து குதிக்கிறது, எனக்கும் தொட்ட மாதிரியேதான் இருந்தது. அம்மாவின் விசில் கையிலேயே இருந்தது. ஒரு மூச்சு விட்டு, தொடவில்லை என்று கையை அசைத்தாள். "ஏ முத்துமீனா, ஒனக்கு ஊர்ச் சோறு செரிச்சுப் போச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல், அவள் திரும்பவில்லை. உள்ளூர் அணி அடுத்து பாடிப் போனபோதே இன்னொரு சிக்கல். இந்த முறை உள்ளூர்ப் பெண் தொட்டாளா என்பது தெரியாதபடி அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆட்டக்காரி வந்து மறைத்துவிட்டாள். தலைமை நடுவர் கேட்கிறார், கூட்டம் அம்மாவின் வாயைப் பார்க்கிறது, தேர்வாளர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். அம்மா, "எனக்கு மறைச்சிருச்சு சார், நான் பாக்கல" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது, "பாக்கத்தான கூட்டியாந்தோம்!" என்று ஒருவர் கத்தினார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, தேர்வு போய்விட்டது என்றே நினைத்தேன். எதிர்க்கோட்டு நடுவர் பார்த்ததைச் சொன்னார், அந்தப் புள்ளி உள்ளூருக்கே போனது. இருந்தும் உள்ளூர் ஒரு புள்ளியில் தோற்றது.

துண்டுக்கு என்ன ஆனது என்று கேட்பாய். மாமன் அதைக் கொண்டுபோய் ஜனகராஜுக்குப் போர்த்திவிட்டார், அம்புட்டுக் கோபம். அம்மா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். ஜனகராஜ் துண்டோடு எங்களிடம் வந்து, "தப்பாச் சொன்ன நடுவரைப் பாத்திருக்கேன், அடம்பிடிச்ச நடுவரைப் பாத்திருக்கேன், இம்புட்டுக் கூட்டத்துல பாக்கலன்னு சொன்னவங்களை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். அதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுத்திருக்கிறார் என்று இன்று செயலாளர் சொல்லித் தெரிந்தது. நேற்று மாமன் எனக்குப் போன் செய்து, வெயில், மாடு, மழை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "தங்கச்சி பாஸாயிருவாள்ல மாப்ள? நான் கேட்டேன்னு அவகிட்டச் சொல்லிறாதீக" என்றார். சொல்லவில்லை, உனக்கு எழுதுவது கணக்கில் வராது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் செல்போன் தானாகக் கைக்கு வந்துவிடுகிறது, எனக்கு மன உறுதியே இல்லை, திரும்பி வந்துவிடலாமா என்று இருக்கிறது என்று போன வாரம் அழுதாய். அம்மாவிடம் சொன்னேன், அவள் உன்னைத் திட்டவில்லை. "எனக்கு மட்டும் உறுதி எங்க இருந்துச்சு, விசில் இருந்த இடத்தை மாத்துனேன், அம்புட்டுத்தான், அவளையும் செல்போனை அடுத்த ரூம்ல வைக்கச் சொல்லுங்க" என்றாள். நான் சேர்ப்பது ஒன்றுதான். எனக்கு எதுவும் வரவில்லை என்று பொத்தாம்பொதுவாக எழுதாதே, எந்தப் பகுதி வரவில்லை, எழுதுவதா பேசுவதா, எதை வைத்துச் சொல்கிறாய் என்று எழுது. அப்படிப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதி ஆகிவிடும், மிச்சப் பாதியைப் படித்து முடித்துவிடலாம். திரும்பி வருவதைப் பற்றித் தேர்வு எழுதிய பிறகு யோசிக்கலாம், வீடு எங்கேயும் போய்விடாது.

உடம்பைப் பார்த்துக்கொள், இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே, அனுப்பிய பருப்புப் பொடியைத் தோழிகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே. தேர்வுக்குப் பெயர் பதிய இந்த மாதக் கடைசி வரைதான் என்று சொன்னாய், பதிந்ததும் ஒரு வரி அனுப்பு. எல்லா நலமும் பெற்று நீ நினைத்த இடத்தில் நிற்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இனி நிலுவையில் இருப்பது இது. நம் மாவட்டத்தில் தேறியவர்கள் ஐந்து பேர், மாநிலப் பட்டியலில் நமக்கு மூன்று இடம். வருகிற வெள்ளிக்கிழமை திருச்சியில் குழு கூடுகிறது, சாயங்காலம் பெயர்கள் வரும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார், அதுவரை யாருக்கும் எதுவும் உறுதியில்லை. அம்மாவின் பெயர் இருக்கும் என்று என் மனம் சொல்கிறது, ஆனால் மனம் செய்தி ஆகாது. மறுநாள் சனிக்கிழமை காலை திருப்பரங்குன்றத்தில் பெண்கள் ஆட்டம் இருக்கிறது, பட்டியல் எப்படி வந்தாலும் அதற்கு நடுவராக நிற்க அம்மா இன்று மத்தியானமே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அன்புடன்
உன் அப்பா
சிவபாண்டி
மதுரை