புல் கூரைக்குக் கீழே

மார்ச் 4
சரிவைக் குடைந்து நான் வடிவமைத்த பள்ளியின் முதல் வகுப்பறை முடிந்தது. மூன்று பக்கம் மண், முன்பக்கம் திறந்தவெளி, கூரையில் புல். மேலிருந்து பார்த்தால் சரிவோடு சரிவு. ஒரு மரம்கூட வெட்டவில்லை. அக்காதான் இங்கே ஆசிரியை. "ஏண்டி, பள்ளிக்கூடம் கட்டச் சொன்னா ஒளிச்சு வச்சிருக்கே!" என்றாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9
பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மின்விசிறி இல்லாமலே உள்ளே குளுகுளுவென்றிருக்கிறது.

மார்ச் 11
எழுதினாலாவது நம்ப முடிகிறதா பார்க்கிறேன்.

சரிவில் நட்ட மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த டிராக்டர் கூரைமேல் ஏறிவிட்டது. ஓட்டுநர் புதியவர், அவர் கண்ணுக்கு அது வெறும் புல்தரை. நான் எதிர்ச்சரிவில் நின்றேன். கத்தினேன் — குரல் வந்ததா? தெரியவில்லை. உத்தரம் முறிகிற சத்தம். புழுதி. உள்ளே அக்காவும் பிள்ளைகளும்.

எப்படி ஓடினேன் என்றே நினைவில்லை. புழுதிக்குள்ளிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக அக்கா, வலது கையைப் பிடித்துக்கொண்டு. மேலே மண் உதிர்ந்ததுமே எல்லோரையும் வெளியே விரட்டியிருக்கிறாள். பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை. இவள் கைதான் முறிந்துவிட்டது.

மார்ச் 12
ஓட்டுநர் மருத்துவமனை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "சத்தியமா கீழ ஆளுங்க இருக்காங்கன்னு தெரியாதும்மா." திட்ட வாய் வரவில்லை. தெரியாத மாதிரி கட்டினது யாரு? நான்தானே! மேல ஒரு சுவர் வைக்க ஏன் தோணல? அழகு கெட்டுடும்னு — ஐயோ, அதுக்காகவா?

மார்ச் 13
கண்ணை மூடினால் அந்தச் சத்தம்.

மார்ச் 20
"இந்த வேலையே வேண்டாம்க்கா, விட்டுடறேன்."
"விட்டுட்டு? பசங்களை நான் எங்க உட்கார வைக்கிறது? போய் ஒழுங்கா வரைடி." கட்டுப்போட்ட கையோடு என்னையே அதட்டுகிறாள்.

ஜூன் 2
கூரையைச் சுற்றி இடுப்பளவு கல்சுவர். உத்தரங்கள் இப்போது இரும்பு. மேலே மணல்மூட்டைகளை மலைபோல் அடுக்கிச் சோதித்தோம். அசையவில்லை. நான்தான் கீழே போய் நிற்க முடியாமல் வெளியே நின்றேன்.

ஜூன் 5
பள்ளி மறுபடி திறந்தது. யாராவது பிள்ளையை அனுப்புவார்களா? முதலில் வந்தவர் அந்த டிராக்டர் ஓட்டுநர். கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண்.

"என் பொண்ணு டீச்சர். சேர்த்துக்குவீங்களா?"

அக்கா அவரையே பார்த்தாள். "எந்த ரூம்ல உட்காரப் போறா, தெரியுமில்ல?"

"தெரியும் டீச்சர்."

அக்கா அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப் போனாள். சாயங்காலம் பள்ளி விடும் மணி அடிக்கும்வரை அவர் வெயிலிலேயே நின்றார். பக்கத்தில் நானும்.