பாவு முனையைப் பிடித்துக்கொண்டு

ஆவணி, செவ்வாய்க்கிழமை

காலையில் தெருவில், புடவை நெய்வதற்கான நீளவாட்டுப் பட்டு இழைகளைப் பாவாக நீட்டினோம். அப்பா சுற்றி முடிக்கும்வரை ஒரு முனையை நான் பிடித்திருக்க வேண்டும். விட்டால் இழை சிக்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் தெருப் பெரியவர்களுக்கெல்லாம் என் கல்யாணம் ஞாபகம் வந்தது. எனக்குப் பார்த்திருக்கும் சேத்துப்பட்டு மாப்பிள்ளை என்னை நர்ஸ் வேலையை விடச் சொல்கிறாராம்.

"வுட்டுட்டா இன்னாம்மா, நல்ல எடம்," என்றார் மாமா. அத்தையும் அதையே சொன்னாள். எரிச்சலில் எனக்குக் கண் கலங்கியது.

எதிர்வீட்டு ராஜம்மா பெரியம்மாவுக்கு எண்பது வயது. தடியை ஊன்றிக்கொண்டு வந்து என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டார்.

"கையக் கட்டிப் போட்டுட்டு ஆளாளுக்குப் பேசிகினு கீறீங்களே. இப்பப் பேசுங்க, நிக்கிறாளான்னு பாக்கலாம்."

மாமாவும் அத்தையும் மெல்ல நகர்ந்தார்கள். அப்பா மட்டும் சிரித்தார்.

சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். "நான் என்ன பண்ணட்டும் பெரியம்மா?"

"நீ இன்னா நெனைக்கிற, மொதல்ல அத்தச் சொல்லு," என்று டிவியை அணைத்தார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பேசப் பேச, வேலையை விடமாட்டேன் என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் எனக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. இத்தனைக்கும், இந்தத் தெருவில் சொல்லியிருந்தால் நான் கேட்டு நடந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.