ஹட்டனில் விழுந்த வீரன்

மாமா,

இன்று காலை புத்தக அலுமாரியைத் துடைக்கும்போது அந்தச் சித்திரக்கதைப் புத்தகம் கையில் வந்தது. திறந்தவுடனே உங்கள் முழங்கால் தைலத்தின் மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. தைலம் பூசிய கையோடு பக்கம் புரட்ட வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டதில்லை. வீரன் வானத்தில் பறக்கும் பக்கத்தில் மேகத்துக்கு நடுவே உங்கள் பெருவிரல் அப்படியே பதிந்திருக்கிறது. துடைக்கும் துணியோடு தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

இந்த வெள்ளவத்தை வீட்டுக்கு நான் மருமகளாக வந்த முதல் ஒன்றரை வருடம் நாம் இருவரும் பேசிக்கொண்டதே குறைவு. நீங்கள் கோபக்காரர் இல்லை. கலியாணத்துக்கும் தடை சொல்லவில்லை. ரயில்வேயில் வேலைசெய்து, தொழிற்சங்கத்தில் வளர்ந்து, இளைப்பாறிய பிறகும் கட்சிக் கூட்டத்தைத் தவறவிடாத மனிதர் எப்படித் தடை சொல்வார்? ஆனால் என்னை எப்படிக் கூப்பிடுவதென்று உங்களுக்குத் தெரியவில்லை. "ரமணன், தேத்தண்ணி இருக்கோ எண்டு கேள்" என்று உங்கள் மகனிடம் சொல்வீர்கள். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர் வந்து "மருமகள் எந்த இடம்?" என்று கேட்டால், "கண்டிப் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை விரிப்பீர்கள். ஹட்டன் தேயிலைத் தோட்டம் என்று உங்கள் வாயில் ஒருநாளும் வரவில்லை. குசினியில் நின்று அதைக் கேட்கும்போதெல்லாம் தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கூடிவிடும். அதற்காகவாவது அவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில்தான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். கொட்டாஞ்சேனை அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் எனக்குச் சித்திரக்கதை என்றால் பைத்தியம். வானத்திலிருந்து விழுந்த குழந்தை, வளர்ந்து முதுகில் சிவப்புத் துணியோடு பறப்பவன்: அவன் கதை உலகத்துக்கே தெரியும். அவன் அமெரிக்காவில் விழாமல் சோவியத் நாட்டில் விழுந்து, கட்சியின் பிள்ளையாக வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே இந்தப் புத்தகம். சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்திருந்தீர்கள்.

"உதென்ன கோலம்? இவன்ரை நெஞ்சிலை ஏன் அரிவாளும் சுத்தியலும்?"

ரமணன் வீட்டில் இல்லை. கேள்வி என்னிடம்தான் வந்திருந்தது. கதையைச் சொன்னேன். "அமெரிக்கன் எழுதினால் எங்களைப் பேயாத்தான் காட்டுவான்" என்று புத்தகத்தை வைத்தீர்கள். பிறகு, "நான் ஒருக்கால் பாக்கிறன்" என்று எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனீர்கள். கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடியும் பிடித்து, பின்னேரம் முழுவதும் வாசித்தீர்கள். கடற்கரை ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. நீங்கள் தலையைத் தூக்கவில்லை.

வாசித்து முடித்து நேரே குசினிக்கு வந்தீர்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தன் பறந்து வந்து சனத்தைத் தூக்கிவிட்டால் அது புரட்சியோ? அது சாமி கும்பிடுறது. சனம் தானா எழும்ப வேணும்."

"அப்ப மாமா, முன்னறையில அந்தத் தாடிக்காரர் படத்துக்கு மாலை போட்டு வச்சிருக்கீங்களே?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் முன்னறையை எட்டிப் பார்த்தீர்கள். படத்தைப் பார்த்தீர்கள். பிறகு வயிறு குலுங்க ஒரு சிரிப்பு. உங்களுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் மாலையைக் காணவில்லை. படம் மட்டும் இருந்தது.

அதிலிருந்து நான் வேலை முடிந்து வந்தால் நீங்கள் ஒரு கேள்வியோடு காத்திருப்பீர்கள். கூட்டுப்பண்ணையைப் படக்காரன் பிழையாகக் கீறியிருக்கிறான், எல்லாரையும் பாதுகாக்கிறேன் என்று சொல்பவன் எல்லாரையும் கண்காணிக்கத் தொடங்குவது ஏன், இப்படி. ரமணன் இடையில் இருந்து இரண்டு பக்கமும் "ஓம், ஓம்" என்பார். அவரை நாம் கணக்கில் எடுக்கவில்லை.

ஒருநாள் நீங்கள்தான் அந்தக் கேள்வியைத் தொடங்கினீர்கள்.

"சரி, இவன் யாழ்ப்பாணத்திலை விழுந்திருந்தால்?"

"முதல்ல எந்த ஊர், யார் மகன்னு விசாரிச்சிருப்பீங்க. பதில் தெரியுற வரைக்கும் பிள்ளை முற்றத்திலேயே அழுதுகிட்டு இருந்திருக்கும்."

நீங்கள் மறுபடியும் சிரித்தீர்கள். "உங்கடை பக்கம் விழுந்திருந்தால்?"

"எங்கம்மா கொழுந்துக் கூடையில போட்டுத் தூக்கிட்டு வந்திருப்பாங்க. பேர் பதியப் போனா, பிரஜாவுரிமை இருக்கான்னு கேட்டிருப்பாங்க. எங்கம்மாவுக்கே நான் பிறந்த பிறகுதான் கிடைச்சது. மலையைத் தூக்குற பிள்ளையா இருந்தாலும் கடுதாசி இல்லாட்டி ஒண்ணும் பண்ண ஏலாது மாமா."

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

"தோட்டச் சனத்தின்ரை பிரஜாவுரிமையைப் பறிச்ச அந்தச் சட்டத்துக்கு எதிரா நான் மேடை மேடையாக் கத்தினவன், பிள்ளை" என்றீர்கள். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "மேடை லேசு" என்றீர்கள்.

பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டேன். சீனி சரியாக இருந்தது.

கொழும்பில் சித்திரக்கதை விழா என்று விளம்பரம் பார்த்ததும் நான் போகப் புறப்பட்டேன். "நானும் வாறன்" என்று மே தினத்துக்குப் போடும் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். வயிற்றுப் பொத்தான் பூட்ட மறுத்தது. ரமணன் வெட்கப்பட்டு வீட்டிலேயே நின்றுவிட்டார். மண்டபத்தில் இளசுகள் எல்லாம் வேஷம் போட்டுத் திரிந்தார்கள். உங்கள் சட்டையைப் பார்த்ததும், நீங்களும் அந்தப் புத்தகத்து வீரனாக வந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். பூனைக் காது வைத்த ஒரு சிங்களப் பெண் ஓடி வந்து, "அங்கிள்ட கேப் எகக் நெத்த?" என்று கேட்டாள். முதுகுத் துணி இல்லையா என்று அவளுக்கு அவ்வளவு கவலை. தன்னுடையதைக் கழற்றி உங்கள் கழுத்தில் கட்டிவிட்டாள். படம் எடுக்க வரிசை நின்றது. நீங்கள் ஒரு கையை இடுப்பில் வைத்து மறு கையை முஷ்டியாக உயர்த்தினீர்கள். அது பறக்கிற கையா, ஊர்வலத்துக் கையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

வேஷப் போட்டிக்கு உங்களை மேடையிலும் ஏற்றிவிட்டார்கள். அறிவிப்பாளப் பையன், "அங்கிள், உங்கள் வீரன் எங்கே விழுந்தான்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நீங்கள் மைக்கை அவன் கையிலிருந்தே வாங்கிவிட்டீர்கள்.

"ஹட்டனிலை" என்றீர்கள்.

பிறகு சிங்களத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம் என்று முழுக் கதையும் சொன்னீர்கள். கொழுந்துக் கூடை, பேர் பதியும் கந்தோர் வாசல், கடுதாசி இல்லாமல் நிற்கும் பிள்ளை, அந்தப் பிள்ளைக்காக வேலையை நிறுத்திவிட்டு மலையிறங்கி வரும் சனம். உங்கள் கதையில் வீரன் கடைசிவரை பறக்கவே இல்லை. சனம்தான் நடந்தது. கைதட்டல் அடங்கியதும் என்னைக் காட்டினீர்கள். "கதை என்ரை மருமகளின்ரை. அவவும் ஹட்டன்தான்."

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் அழுதேனா சிரித்தேனா என்று நினைவில்லை. ஆறுதல் பரிசாக ஒரு கோப்பை தந்தார்கள். பஸ்ஸில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு, "முதல் பரிசு குடுத்திருக்க வேணும். நடுவர்கள் முதலாளிமார்" என்றீர்கள்.

அதன் பிறகு நமக்குக் கிடைத்த வருடங்கள் நல்ல வருடங்கள். போன ஆவணியில், சாய்மனைக் கதிரையில் பத்திரிகையோடு கண்ணயர்ந்த நீங்கள் எழும்பவில்லை. கஷ்டப்படவில்லை என்று வைத்தியர் சொன்னார். நான் நம்புகிறேன்.

அச்சகத்தில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் முன்பெல்லாம் நான் வாய் திறப்பதில்லை. இப்போது அங்கே பெரிய சத்தமே என்னுடையதுதான். நேற்று மீன்குழம்புக்குத் தேங்காய்ப்பால் எப்போது விடுவது என்று தொடங்கி, கடவுள் இருக்கிறாரா என்பதில் வந்து நின்றது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், சத்தமே இல்லாதவள், சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரேயொரு கேள்வி கேட்டாள். என் வாதம் முழுவதும் அதில் கவிழ்ந்தது. "நீ சொல்றது சரி" என்றேன். மேசையே கைதட்டியது.

வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில், அன்று குசினியில் நீங்கள் சிரித்ததுபோலச் சிரித்துக்கொண்டே வந்தேன், மாமா. பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன பிள்ளை, ஏதும் நல்ல செய்தியோ?" என்று கேட்டார்.

"ஓம், தோத்திட்டன்" என்றேன்.