செந்தூர ஆலையிலிருந்து நீக்கப்பட்ட முப்பத்தொருவர்

நலம் பெருகுக. நீதி நிலைபெறுக.

மூன்று புறமும் கடல் சூழ்ந்த வேலங்கரை நாட்டை நெறி வழுவாது ஆண்டருளும் அலைகாத்த பெருமானடிகளின் திருவாய்மொழிப்படி, அவர்தம் உள்மண்டபத்து அமைச்சன் காரி வெண்காடன் எழுதும் ஓலை.

பதினான்கு துறைமுகங்களில் பண்டசாலை நிறுத்தி, ஐந்து மொழி பேசும் மக்களுக்கு வேலையும் சோறும் அளித்து, சொன்ன சரக்கைச் சொன்ன நாளில் கொண்டு சேர்ப்பவர் என்று எல்லாக் கரையிலும் பெயர் பெற்ற பதினான்குதுறை வணிகச் சாத்தின் தலைவர், நீலவரைத் தீவில் வீற்றிருக்கும் பெருநாய்கர் கோளரியார் திருமுன் வாசிக்க. தங்கள் தீவின் கிணறுகள் வற்றாது ஊறுக. தங்கள் கலங்கள் காற்றும் கரையும் தப்பாது வந்து சேர்க. தங்கள் இல்லத்தார் யாவரும் உடல்நலத்தோடு வாழ்க. எம் பெருமானும் அரசியாரும் இளவரசரும் நலம்.

இனி, செய்தி.

எம் சங்குமுனைத் துறையில் தங்கள் சாத்துக்குப் பொறுப்பாக இருக்கும் சபையார், சென்ற மாதம் எம் பெருமானுக்கு ஒரு முறையீடு அனுப்பினர். அங்குள்ள செந்தூர ஆலையின் கண்காணி ஏகவீரி என்பவர், அரண்மனைக்கென மூட்டிய பதினாறு உலைகளையும் தன் கையாலேயே மணல் கொட்டி அணைத்துவிட்டார். ஆலையைப் பூட்டிச் சாவியைத் தர மறுக்கிறார். ஆதலால் அவரைப் பிடித்துச் சிறையிலிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இளவரசருக்குப் பட்டம் கட்டவிருக்கும் புது மண்டபத்தின் சுவர்களுக்கு அறுநூறு குடம் செந்தூரம் தை முழுநிலவுக்குள் வேண்டும் என்று அரண்மனையிலிருந்து ஆணை போயிருந்தது தாங்கள் அறிந்ததே. எம் பெருமான் சினந்தார். பத்து வீரரோடு என்னை அனுப்பினார். நானும் சினத்தோடுதான் சென்றேன். அதை மறைப்பதில் பயனில்லை.

காலை வெயில் ஏறும் வேளையில் ஆலை வாயிலை அடைந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வாயிற்படியில் தனியே அமர்ந்திருந்தார். சாவி அவர் மடியில் கிடந்தது. வீரரைக் கண்டு அவர் எழுந்து நின்றாரே தவிர, அஞ்சவில்லை. அரச ஆணையை மீறியதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனெனில் அதை என் நடையில் எழுதினால் அதன் உண்மை குறைந்துவிடும்.

“அடுப்பை அணைச்சதுக்கு என்னைக் கட்டாதீங்க ஐயா. முப்பத்தோரு வீட்டு வாசல்ல பறையடிச்சு, குடிகாரன் குடிகாரின்னு சொல்ல வச்சதுக்குக் கட்டுங்க. முப்பத்தோரு ஓலையிலயும் இருக்கிறது என் கையெழுத்துதான்.”

கைது செய்ய வந்தவன் அந்தப் படியில் அமர்ந்து கேட்கலானேன்.

பெருநாய்கரே, தங்கள் சாத்தில் ஒரு விதி உண்டு. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் குடிவெறியில் ஒருவன் உலையைக் கவிழ்த்ததால் ஒன்பது பேர் வெந்து மாண்டனர் என்றும், இனி அப்படி ஓர் உயிரும் போகக் கூடாது என்று தாங்களே மனம் நொந்து அவ்விதியை எழுதினீர்கள் என்றும் அறிந்தேன். ஆலையில் வேலை செய்வோருக்குக் கைநடுக்கமும் காரணமற்ற சினமும் கண்டால், அவரைக் குடியர் என்று கொண்டு விலக்குக. வேறு துறையில் வேலைக்குச் சேராதபடி அவர் தெருவில் பறையறைந்து அறிவிக்க என்பது அவ்விதி. நல்லெண்ணத்தில் பிறந்த விதி அது. அதன்படியே ஏகவீரி கண்காணியான ஒன்பது ஆண்டுகளில் முப்பத்தொருவரை விலக்கினார். விலக்கும்போதெல்லாம் மற்றவர்களைக் காப்பதாகவே எண்ணியிருந்தார்.

அவர்களுள் ஒருவர் எழுவன். செந்தூரத்தை அரைப்பதில் அவருக்கு இணை எவருமில்லை. விரலிடையே வைத்துத் தேய்த்தே பொடியின் பதத்தைச் சொல்லிவிடுவாராம். அவரையும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடியர் என்று நீக்கினர். அரண்மனை ஆணை வந்ததும், அறுநூறு குடத்துக்கும் ஒரே பதம் கிடைக்கும் வழியைக் கேட்டறிய ஏகவீரி அவர் வீட்டுக்குச் சென்றார். இரக்கத்தால் போகவில்லை, வேலை முடிய வேண்டுமே என்றுதான் போனேன் என்று அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

அங்கே எழுவனின் மனைவி வளத்தாள் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். எழுவன் வந்தவரைக் கண்டதும் நாணிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வாயில் நான்கு பற்களே எஞ்சியிருந்தன. இரு கைகளும் காற்றிலாடும் ஓலைபோல் ஓயாது நடுங்கின. நீக்கப்பட்டு இரண்டு ஆண்டு ஆகியும் குடி விடவில்லையா என்று ஏகவீரி கேட்டாராம். வளத்தாள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம்:

“ஒரு நாளும் கள்ளைத் தொட்டவரில்லைம்மா இவரு. அன்னைக்கே வந்து சொன்னேன், வாசல்ல நிக்க வச்சே அனுப்பிட்டீங்க. கை நடுங்குதுன்னு எழுதியிருந்தா பொறுத்துக்கிட்டிருப்போம். குடிகாரன்னு எழுதிட்டீங்களே. எம் பொண்ணுக்கு வந்த சம்பந்தம்கூட அதோட போச்சு.”

ஏகவீரி பதம் கேட்காமலே திரும்பினார். அடுத்த ஆறு நாள் மற்ற முப்பது வீடுகளுக்கும் நடந்தார். ஏழு பேர் இறந்துபோயிருந்தனர். மீந்தவர் யாவருக்கும் அதே நடுக்கம், அதே பற்சிதைவு, மனிதர் முகம் பார்க்க அதே நாணம். அந்தத் தெருக்களில் வலை பின்னுவோரும் மீன் உலர்த்துவோரும் உண்டு. அவர்களில் குடிப்பவர்களும் உண்டு. அவர்களில் ஒருவருக்கும் இந்த நோய் இல்லை. துறை மருத்துவரை அழைத்து வந்து காட்டினார். செந்தூரம் செய்யப் பாதரசத்தையும் கந்தகத்தையும் உலையிலிட்டுச் சூடாக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் எழும் ஆவியே இதற்குக் காரணம் என்றும், அதை நாளும் மூச்சில் வாங்குவோர் உடல் இப்படித்தான் அழியும் என்றும் மருத்துவர் ஐயமறச் சொன்னார்.

ஏகவீரி சபையாரிடம் சென்று உலைகளை நிறுத்த வேண்டினார். அரண்மனைச் சரக்கு முடியட்டும், பிறகு பேசுவோம் என்றனர். உலைகளை இரட்டிக்கவும் சொன்னார்கள். மறுநாள் அவர் மணல் கொட்டினார்.

நான் அன்றே எழுவன் வீட்டுக்குச் சென்றேன். ஏகவீரி சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. அரசர் தரக்கூடியது எதையும் கேட்கலாம் என்று சொல்லி, நிலம் வேண்டுமா, நெல் வேண்டுமா என்று எழுவனைக் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடியே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “எங்க தெருவுல அடிச்ச பறையை, எங்க தெருவுலயே வந்து மாத்தி அடிக்கணும். நான் குடிக்கலைன்னு சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்.”

அந்த வீட்டை விட்டு வெளியே வந்து, உடன் வந்த வீரர் பார்க்காதபடி சற்று நேரம் திரும்பி நின்றேன். ஏனென்று சொல்கிறேன். தை முழுநிலவுக்குள் அறுநூறு குடம் என்ற ஆணையை எழுதியவன் நான். எத்தனை உலை, எத்தனை பேர், எத்தனை நாள் என்று ஒருவரையும் கேளாமல் எழுதினேன்.

பின்னர் சபையைக் கூட்டினேன். சபைத் தலைவர் தாயன் வடுகன் பணிவாகவே பேசினார். ஆனால் ஏகவீரி பேசப் பேச அவர் பொறுமை இழந்து, “நோயின்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன்யா உலை மூட்ட வருவான்? பதினாலு துறையிலயும் கேள்வி வருமே!” என்று உரக்கச் சொல்லிவிட்டார். அப்படியானால் இது நோய் என்று முன்பே தெரியுமோ என்று கேட்டேன். சபையின் ஓலைப்பேழையைத் திறக்கச் செய்தேன். அடியில், அதே மருத்துவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்த ஓலை இருந்தது. தங்கள் பெயருக்கு முகவரி இட்டு, அனுப்பாமலே வைத்திருந்தார்கள். ஏன் அனுப்பவில்லை என்றதற்கு, தீவுக்கு நல்ல செய்தியையே அனுப்பிப் பழகிவிட்டோம், பெருநாய்கர் மனம் நோகும் என்று அஞ்சினோம் என்று தாயன் வடுகன் தலைகுனிந்து சொன்னார். அந்த ஓலை கிடந்த நான்கு ஆண்டுகளில் நீக்கப்பட்டோர் பத்தொன்பது பேர். எழுவனும் அவர்களுள் ஒருவர்.

அந்த ஓலையை இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்கள் அறியாமல் நடந்தது இது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், கெட்ட செய்தியைச் சொல்ல அஞ்சும்படி ஒரு சபை தங்கள் ஆட்சியில் வளர்ந்தது எப்படி என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நண்பன் என்ற உரிமையில் வேண்டுகிறேன்.

தலைநகர் திரும்பி, கண்டது யாவும் எம் பெருமானிடம் கூறினேன். ஆணை எழுதிய பிழை என்னுடையது என்று சொல்லி, அமைச்சு முத்திரையை அவர் திருவடியில் வைத்தேன். எம் பெருமான் அதை எடுத்து என் கையிலேயே திருப்பித் தந்து, நான் சொன்னதைத்தானே நீர் எழுதினீர், கேளாமல் சொன்னவன் நானல்லவா என்றார். பிறகு இளவரசரை அழைத்துக் கலந்து பேசினார். மண்டபச் சுவர்களுக்கு ஆற்றங்கரைக் காவிமண்ணைப் பூசினால் போதும் என்று இளவரசர் தாமே கூறினார். பூச்சு வேலை தொடங்கிவிட்டது. காவிமண்ணை அரைப்போர் செந்தூர ஆலையின் மக்களே.

ஏகவீரிக்குச் சபையார் கேட்ட தண்டனை மறுக்கப்பட்டது. எனினும் அவரைப் பாராட்டிப் பரிசளிக்க எம் பெருமான் எண்ணியபோது, அவர் அதை ஏற்கவில்லை. இறந்தவர் வீடுகளுள் ஒன்றில் ஒரு பெண் தன்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டதாகவும், அது நியாயமே என்றும் சொன்னார். ஆலை மக்கள் கேட்டுக்கொண்டதால் அவர் கண்காணியாகவே நீடிக்கிறார்.

ஆகவே எம் பெருமானின் ஆணை இது. எம் நாட்டு எல்லைக்குள் செந்தூர உலை இனி மூட்டப்படாது. ஆவி வெளியேறவும் மக்கள் மூச்சில் கலவாதிருக்கவும் வழி கண்டு, மருத்துவரும் ஆலை மக்களும் கூடி இசைந்தாலன்றி அது மாறாது. உலை அணைந்திருக்கும் நாளெல்லாம் ஆலையார்க்கும் நோயுற்றோர்க்கும் தங்கள் சாத்து அரிசி அளந்துவர வேண்டும். தாயன் வடுகன் சபைத் தலைமையிலிருந்து விலக்கப்பட்டார். எந்த ஆலைக் கண்காணியும் சபையின் முத்திரையின்றித் தங்களுக்கு நேரே ஓலை அனுப்பலாம். அதைத் தடுப்பவர் எம் துறையில் வணிகம் செய்ய முடியாது. நடுக்கத்தைக் குடியென்று கொள்ளும் விதியைத் தாங்கள் நீக்க வேண்டும்.

தங்கள் சாத்துக்கு வேறு மூன்று துறைகளிலும் செந்தூர ஆலைகள் உண்டு என்று அறிகிறேன். அவை பிற அரசர் நாட்டில் உள்ளவை. அங்கே எம் பெருமானின் ஆணை செல்லாது. தங்கள் சொல் செல்லும். அங்கும் நடுங்கும் கைகள் இருக்கும் என்பதை மருத்துவர் உறுதியாகச் சொல்கிறார். இதை ஆணையாக எழுதும் உரிமை எமக்கில்லை. கை கூப்பிக் கேட்கிறோம்.

எஞ்சியது பறை. எழுவன் கேட்ட அதையே மற்றவரும் கேட்டனர். சபையார் யாரையேனும் அனுப்பி அறைவிக்கலாம் என்றபோது, விதியை எழுதியவரே வந்து சொன்னால்தான் தெரு நம்பும் என்று வளத்தாள் சொல்லிவிட்டார். எம் பெருமான் அதை ஏற்றார். ஆதலால் தாங்கள் சங்குமுனைக்கு வந்து, பறையின் முன் நடந்து, முப்பத்தொரு வாசலிலும் நின்று, இவர் குடியர் அல்லர், எங்கள் ஆலையில் உழைத்து நோயுற்றவர் என்று தங்கள் வாயால் அறிவிக்க வேண்டும். ஏகவீரி தங்களுடன் நடப்பார், நானும் நடப்பேன். இறந்த ஏழு பேரின் வாசல்களையும் விட்டுவிடலாகாது.

தங்கள் தீவுக்கும் எம் துறைக்கும் இடையே இருபது நாள் கடல். எழுவனுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் சொல்ல இயலாது என்கிறார் மருத்துவர். பறை என்று வரும் என்று வளத்தாள் நாளும் ஆள்விட்டுக் கேட்கிறார். பெருநாய்கர் இவ்வோலை கண்ட அன்றே கலம் ஏறுவார் என்று அவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.

இவ்வோலையைத் தங்கள் துறைதோறும் முதலில் ஆலை முற்றத்திலும், பின்னர் சபை மண்டபத்திலும் உரக்கப் படிப்பிக்க.

அலைகாத்த பெருமானடிகளின் சங்கு முத்திரை இட்டு, அவர் கண்முன் கட்டி அரக்கிட்ட ஓலை. கொண்டுவருபவர் கையில் மறுமொழி தரவேண்டா, தாங்களே வருக.

காரி வெண்காடன் எழுத்து.