பழையது என்று எழுதிவிட்டார்கள், அப்பா

கிழமை கேட்ட டாக்டரையே மடக்கிய என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்குக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. யாரிடமாவது கொட்டியாக வேண்டும், உங்களிடமே கொட்டுகிறேன்.

காய்ச்சல் என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்தோமே, அன்று காலை டாக்டர், "இன்னிக்கு என்ன கிழமைங்க ஐயா?" என்று கேட்டார். "செவ்வாய்ங்க. ஏனுங்க, அதுகூடத் தெரியாமயா டூட்டிக்கு வந்தீங்க?" என்றீர்கள். வார்டே சிரித்தது. நாமக்கல்லில் நாற்பது வருடம் லாரி பாடி கட்டிய மனுஷன், கட்டிய வண்டிகளின் நம்பரைக்கூட மறக்காத மனுஷன். அந்தத் தெளிவைப் பற்றி அந்த டாக்டர் எங்காவது ஒரு வரி எழுதினாரா?

மறுநாள் மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த என்னைப் பார்த்து, "நீங்க யாரூட்டுப் பொண்ணுங்க?" என்றீர்கள். பிறந்ததிலிருந்து என்னைச் சாமி என்றே கூப்பிட்ட வாய் அது. கஞ்சியை அப்படியே கீழே வைத்தேன். டூட்டியில் இருந்த வேறொரு டாக்டரிடம் ஓடினேன். "வயசானா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். "நேத்து இப்படி இல்லைங்க" என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அப்புறம் டூட்டி மாறும் நேரம். ஒரு டாக்டர் அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது கூட இருப்பவர்கள் வெளியே போய்விட வேண்டும், அது அங்கே வழக்கம். "அட்டெண்டர் எல்லாம் வெளிய போங்க" என்றார் நர்ஸ். நானும் போனேன். நேற்று நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று அந்நேரம் சொல்லக்கூடிய ஒரே ஆளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே உங்களைப் பற்றிப் பேசினார்கள்.

என்ன பேசினார்கள் என்று பிறகு கேஸ் ஷீட் நகல் வாங்கிப் பார்த்தேன். பிரஷர், சுகர், மூத்திரத்தின் அளவு எல்லாம் சுத்தமாக இருக்கிறது. உங்கள் புத்தியைப் பற்றி மட்டும், "குழப்பம், பழையது" என்று இரண்டே வார்த்தை. பழையதா? யாரைக் கேட்டு எழுதினார்கள்? பழையது என்றதால் அடுத்து வந்தவரும் காரணம் தேடவில்லை, அதற்கடுத்தவரும் தேடவில்லை. ரத்தத்தில் உப்பு குறைந்ததால்தான் அந்தக் குழப்பம் என்று கண்டுபிடிப்பதற்குள் உங்களுக்கு வலிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் கண் திறக்கவேயில்லை.

"எல்லாரும் கவனமாத்தாங்க பாத்தோம்" என்று ஆஸ்பத்திரி மேனேஜர் சொன்னார். பார்த்தார்கள், சரி. கேட்டார்களா?

போன வாரம் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். வேறு ஆஸ்பத்திரி, அதே "வெளிய போங்க". நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நேத்து எங்கம்மா தெளிவாப் பேசுனாங்க. அதை எழுதிக்கிட்டு அப்புறம் பேசுங்க" என்றேன். டூட்டிக்கு வந்த டாக்டரம்மா முறைத்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். அம்மா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். "டாக்டருகிட்ட அப்படியா சாமி பேசுவ?" என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

திட்டட்டும். இனி நம் வீட்டில் யார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தாலும், அவர் நேற்று எப்படி இருந்தார் என்பதை எழுதி முடிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன், அப்பா.

அன்று சொன்னதும் வெளியே போய்விட்ட
உங்கள் மகள்