சாமி மேடைவரை எட்டாத போன் வயர்

இன்று காலை என் கைப்பேசி தானாகவே அலறியது. போனில் வைரஸ் புகுந்துவிட்டதாம், உடனே இங்கே அழுத்த வேண்டுமாம். சிவப்பாக ஒரு கட்டம். அழுத்தவில்லை. அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் எனக்கு அலுப்புதான். அலுத்துக்கொள்வதைக் கேட்க நீங்களும் இல்லை.

காஜா பெராங் வீட்டு ஹாலில் நம் மகன் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. பத்து பெரெண்டாம் ஊர்த் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போனவன் திரும்பி வராத அந்த வருடம் அதைத் துணி போட்டு மூடி வைத்தோம். பிறகு நீங்கள்தான் துணியை எடுத்தீர்கள். அவன் பேசிச் சிரிக்கிற ஒரே வீடியோ அதற்குள் இருந்தது. வேலை முடிந்து வந்ததும் அதைப் போட்டுப் பார்ப்பீர்கள். நான் அடுப்படியை விட்டு வரமாட்டேன். பார்க்கத் தெம்பில்லை.

நீங்கள் அதோடு சும்மா இருந்திருக்கலாம். அவன் கம்ப்யூட்டரில் விளக்கு எரியட்டும் என்று, இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த முருகன் படம் ஒன்றை இறக்கினீர்கள். முருகனுக்கு முன்னால் குத்துவிளக்குச் சுடர் அசைந்தது, அழகாகத்தான் இருந்தது. மறுநாளே வேலுக்குப் பக்கத்தில் அரைகுறை உடையில் வெள்ளைக்காரிகள் வந்து நின்றார்கள். கூடவே சூதாட்ட விளம்பரம்.

"ஏங்க, வள்ளி தெய்வானை போதலையா ஒங்க சாமிக்கு?" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. மகனின் வீடியோ பாதியில் உறைந்து நின்றிருந்தது.

தெங்கேராவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சீனர், படத்தோடு ஸ்பைவேர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, உள்ளே உட்கார்ந்து வேவு பார்க்கிறது என்றார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டுமாம். வீடியோவை முதலில் சீடியில் ஏற்றிவிடலாம் என்றால் அதுவும் நடுவழியில் நின்றது. அவரிடம் விட்டுவர உங்களுக்கு மனசு வரவில்லை. பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வீட்டுக்கு வந்தீர்கள்.

அப்புறம் நம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஸ்பைவேரை நீங்களே அழித்துவிட்டு, "இந்தாம்மா, போயிருச்சு" என்பீர்கள். அணைத்துத் திறந்தால் பழையபடி வந்து நிற்கும். காப்பி ஆறும், சோறு ஆறும்.

"விடுங்களேன். போனது போச்சு" என்றேன் ஒருநாள்.

"ஒனக்குப் போச்சு. எனக்கு இன்னும் போகல."

அந்த வார்த்தைக்காக உங்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. உங்கள் ஸ்பேனர்கள், என் தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாம் சாமி மேடைக்கு முன்னால் வந்தன. கம்ப்யூட்டரையும் தூக்கி வந்து பொட்டு வைத்தீர்கள். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது என்பதால் அது ஒருநாள் ஓய்வெடுத்தது, நானும்தான். மறுநாள் சூடம் காட்டியதும் உங்களுக்குப் பொறுக்கவில்லை. ஹாலுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்து திறந்தீர்கள். எப்போதும் திறந்த உடனே போன் வயர் வழியாகத் தானாகவே இன்டர்நெட் லைனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த வயர் சாமி மேடைவரை எட்டாது.

"ஏம்மா, இங்க வாயேன்! அழிச்சது திரும்பி வரலம்மா!"

"இன்னொரு தடவ அணைச்சுப் பாருங்க."

"பாத்துட்டேன் லா! போன் வயர் வழியாத்தான் அது திரும்பத் திரும்ப உள்ள வந்திருக்கு. வாசக் கதவத் தொறந்து போட்டுட்டு வீட்டுக்குள்ள திருடன வெரட்டிக்கிட்டு இருந்திருக்கேன், மடையன் மாதிரி."

அன்றே வீடியோ சீடியில் ஏறியது. சாமிக்கு முன்னால் உட்கார்ந்து விம்மி அழுதீர்கள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவில்லை.

நீங்களும் போன பிறகுதான் அதைப் பார்க்கத் துணிந்தேன். இப்போது டிவியிலேயே போட முடிகிறது. நம் பிள்ளை வாசலில் நின்று ஏதோ கேலி பேசுகிறான். எடுத்தது நீங்கள் என்பதால் உங்களைக் காணவில்லை. ஆனால் "நேரா நில்லுடா" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து உங்கள் அதட்டல், கூடவே அடக்க முடியாத ஒரு சிரிப்பு. மகனுக்காக அவ்வளவு மல்லுக்கட்டி மீட்டீர்கள். நான் பாதி நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் அதைக் கேட்கிறேன். உங்கள் குரல் என்னிடம் வேறெங்கும் இல்லை.