அப்பாவின் டிக்கட்டில் எழுதிய வரி

தெல்தோட்டை
14.10.1983

அன்பு மகள் புஷ்பத்துக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, குவைத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனதுதான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், போனதும் எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. சித்தி தெரேசாவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

அப்பா போய்விட்டார், இனி ஆஸ்பத்திரிக்கு அலைந்து என்ன, விட்டுவிடுங்கம்மா என்று எழுதியிருந்தாய். விட முடியவில்லை புஷ்பம். அவர் கட்டிலில் தொங்கிய, டொக்டர்மார் நோயை எழுதுகிற டிக்கட்டில் குடிவெறியில் விழுந்து அடிபட்டவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீ புதுநன்மை எடுத்த அன்று இனிக் குடிப்பதில்லை என்று மாதா முன்னால் சத்தியம் செய்தவர், பிறகு கலியாண வீட்டில்கூடத் தொடாதவர். ஆடிக் கலவரத்தன்று அவர் வேலை செய்த கண்டிக் கடையில் வைத்து மண்டையில் அடித்துப் போட்டார்கள். கூட வேலை செய்த சிங்கள லொறி டிரைவர், குண்டசாலை சோமபாலதான் தூக்கி லொறியில் போட்டான். வழியில் மறிக்கிறவர்கள் தமிழன் என்று கண்டுவிடக் கூடாதே என்று வாயிலும் சட்டையிலும் சாராயத்தை ஊற்றி, நம்ம கூலியாள், வெறியில் கிடக்கிறான் என்று சொல்லிச் சொல்லியே கொண்டுபோய்ச் சேர்த்தான். அடக்கத்துக்கு வந்தபோது அவனே அழுதுகொண்டு சொன்னது இது. காப்பாற்றத்தான் செய்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் வாடையைப் பிடித்து அப்படியே எழுதிவிட்டார்கள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டாலும், வாந்தி எடுத்தாலும், வெறி தெளியட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஊரடங்கு எடுத்து நான் போனபோது முகத்தை மூடியிருந்த துணியை விலக்கித்தான் காட்டினார்கள்.

போன கிழமை அந்த வரியைத் திருத்தச் சொல்லிக் கேட்கப் போனேன். கிளாக்கர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அரைத் தமிழில், நோயாளியே வந்து சொன்னா பாக்கலாம், செத்த ஆளுக்கு என்ன திருத்தம் என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில், அப்ப போய்க் கூட்டிக்கிட்டு வர்றேங்க, அது வரைக்கும் நீங்க கதிரைய விட்டு எந்திரிக்காதீங்க என்று சொல்லிவிட்டேன். அங்கே நின்ற வயதான டொக்டர் சிரிக்கவில்லை. எழுதினதை அழிக்க முடியாதாம். நடந்ததைக் கண்டவர் வந்து சொன்னால் அதற்குக் கீழே எழுதிக் கையெழுத்து வைப்பதாகச் சொன்னார்.

அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த மஹ்மூத் நானாவைத் தேடி அலவத்துகொடைக்குப் போனேன். தங்கச்சி, அந்த மனுசன் நர்ஸ் மிஸ்ஸக் கண்டா போதும், நான் குடிக்கல்ல, மேல ஊத்தினாங்க, டிக்கட்ட மாத்துங்கன்னு கெஞ்சுவாரு, யாரு ஊத்தினதுன்னு திருப்பிக் கேட்டா வாய மூடிக்கிருவாரு, பேரச் சொல்லித் தொலையுமேன்னு நான்கூட ஏசினேன் என்றார். லொறியை மறித்தவர்கள் சோமபாலவின் தெருவிலேயே இருக்கிறவர்கள். பேர் வெளியே வந்தால் அவனுக்கு என்ன நடக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாதா?

அவர் சொல்லாத பேரை நான் எப்படிச் சொல்வது என்று நாலு பக்கமும் நடந்துகொண்டிருந்தேன். நேற்று சோமபால தானாகவே பலாக்காயோடு வந்தான். கண்டவர் யாராவது வந்து சொல்ல வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பலாக்காயை இறக்கி வைத்தான். அக்கே, ஊத்தினது நான், நான்தானே சொல்லோணும் என்றான். உன் ஆளுங்க சும்மா விடுவாங்களா என்றேன். அடிச்சா என் மேலயும் ஒரு போத்தல் ஊத்தித் தூக்கிக்கிட்டுப் போங்க என்று சிரித்தான். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வேண்டாம் தம்பி என்று நாக்கு நுனி வரை வந்தது. நான் சொல்லவில்லை புஷ்பம். திங்கட்கிழமை போகிறோம்.

நீ அங்கே காய்ச்சல் வருத்தமென்று டொக்டரிடம் போனால் என்ன எழுதினார் என்று வாசித்துக் காட்டச் சொல், பிழையென்றால் அங்கேயே நின்று திருத்து, வெட்கப்படாதே. வெயிலில் வெறும் தலையோடு போகாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள். செபமாலை சொல்லும்போது அப்பாவுக்குச் சொல்வதற்கு முன்னால் சோமபாலவுக்காகச் சொல். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நாங்கள் போய் வந்திருப்போம், ஆனாலும் சொல்.

உன் அம்மா,
யாகப்பர் யோசப்பீன்